ஹைப்போதலாமஸ் பகுதிக் கட்டிகள்: குழந்தைக்கு ஒரு மாதிரி, பெரியவருக்கு ஒரு மாதிரி ஏன்?

குழந்தைநலம்_தென்மலை கேட்டது:

வணக்கம். ஹைப்போதலாமஸ் பகுதியில் கட்டி என்று எம்ஆர்ஐ ரிப்போர்ட்டோடு வரும் குடும்பங்களுக்குக் கொடுக்கத் தமிழில் ஒரு கையேடு தயாரிக்கிறோம். ரிப்போர்ட்டில் பெரும்பாலும் "சூப்பராசெல்லார் மாஸ்" (பிட்யூட்டரிச் சுரப்பிக்கு மேலே ஒரு கட்டி) என்று ஒரே வரிதான் இருக்கிறது. வீட்டார் அதைப் படித்ததும் மூளைப் புற்றுநோய் என்று முடிவுகட்டி இடிந்துபோகிறார்கள். இன்னும் சிலர் அடுத்த வாரத்துக்கே ஆபரேஷன் தேதி வாங்கிவிடுகிறார்கள்.

எனக்கு வேண்டியவை இவை. எந்த வயதில் எந்தக் கட்டியை முதலில் நினைக்க வேண்டும்? கத்தி வைப்பதற்கு முன் எந்தப் பரிசோதனைகளை விட்டுவிடவே கூடாது? ஆபரேஷனுக்குப் பின் முதல் இரண்டு வாரத்தில் சோடியம் ஏறி இறங்குவதை வார்டிலும் வீட்டிலும் எப்படிக் கவனிப்பது? மருந்து அளவுகளோடு சொன்னால் உதவியாக இருக்கும். அந்தந்தத் துறையில் இருப்பவர்கள் எழுதினால் நன்றி.

---

ரேடியாலஜி_கண் பதில்:

இது ஒரே நோயின் பெயர் இல்லை, ஓர் இடத்தின் பெயர். இதைக் கையேட்டின் முதல் வரியாகவே போடுங்கள். மூளை நடுவே நீர் நிரம்பிய அறையான மூன்றாம் வென்ட்ரிக்கிளின் தரையும் கீழ்ப் பக்கச் சுவர்களும்தான் ஹைப்போதலாமஸ். பெரியவருக்கே ஏறக்குறைய 4 கிராம் எடைதான். அதற்கு முன்னால் பார்வை நரம்புகள் சேரும் கயாஸ்மா, கீழே பிட்யூட்டரித் தண்டு. பசி, தாகம், உடல் வெப்பம், தூக்கம், வளர்ச்சி, பூப்பு எல்லாவற்றின் கட்டுப்பாடும் இந்தச் சிறு இடத்தில் இருக்கிறது. அதனால் பயாப்சியில் "சாது" என்று வரும் கட்டிகூட இங்கே பெரிய சேதம் செய்யும்.

வயதை வைத்துப் பார்த்தால்:

கைக்குழந்தையும் 2, 3 வயதுக் குழந்தையும் என்றால் பார்வை நரம்பு–ஹைப்போதலாமஸ் கிளியோமா (நரம்பைத் தாங்கும் செல்களின் கட்டி), பெரும்பாலும் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா. பால் குடிக்கிறது, சோறு சாப்பிடுகிறது, சிரித்து விளையாடுகிறது, ஆனால் உடம்பில் கொழுப்பே இல்லாமல் எலும்பும் தோலுமாகிக்கொண்டே போகிறது; கூடவே கண்மணி ஆடுகிறது. இந்தச் சேர்க்கையை டையென்செஃபாலிக் சிண்ட்ரோம் என்கிறோம். 1951-இல் டாக்டர் ரஸ்ஸல் விவரித்தது. நடைமுறையில் இந்தக் குழந்தைகள் ஊட்டச்சத்துக் குறைபாடு, குடல் கோளாறு என்று மாதக்கணக்கில் அலைந்துவிட்டுத்தான் ஸ்கேனுக்கு வருகிறார்கள். எடை குறைந்தும் உயரம் சரியாக இருந்தால் கண்ணைப் பாருங்கள். உடம்பில் காப்பி நிறத் திட்டுகள் இருந்தால் நியூரோஃபைப்ரோமடோசிஸ் 1 என்ற மரபணு நோய் இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

5 முதல் 14 வயது என்றால் கிரேனியோஃபாரிஞ்சியோமா (பிட்யூட்டரி உருவானபோது எஞ்சிய கருத்திசுவிலிருந்து வரும் சாதுக் கட்டி), அதிலும் அடமான்டினோமேட்டஸ் வகை. சுண்ணாம்புப் படிவு, நீர்ப்பை, கான்ட்ராஸ்டில் ஒளிரும் பை விளிம்பு ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் அனேகமாக அதுதான். குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்குச் சுண்ணாம்பு இருக்கும். அது எம்ஆர்ஐயில் தவறிப்போகும், சிடியில் பளிச்சென்று தெரியும்.

பத்து வயதுக்கு மேல் இருபதுக்குள் திடீரென்று அடங்காத தாகமும், இரவில் நாலைந்து முறை சிறுநீரும் வந்தால் ஜெர்மினோமாவை (ஜெர்ம் செல், அதாவது இனப்பெருக்கச் செல் வகைக் கட்டி) நினைக்க வேண்டும். ஸ்கேனில் பிட்யூட்டரித் தண்டு கொஞ்சம் தடித்திருப்பது மட்டுமே தெரியலாம். முதல் ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும். லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸும் இப்படியேதான் வரும். அதனால் மண்டையோடு, காது, தோலையும் பார்த்துவிடுங்கள்.

சந்தோஷமே இல்லாமல் சில விநாடிகள் வரும் சிரிப்பு வலிப்பு, அல்லது 3, 4 வயதிலேயே பூப்பின் அறிகுறிகள் இருந்தால் ஹமார்ட்டோமா. இது உண்மையில் கட்டியே இல்லை. இடம் மாறி அமைந்த மூளைத் திசு. வளராது, கான்ட்ராஸ்ட்டும் எடுக்காது.

பெரியவர்களில் கிரேனியோஃபாரிஞ்சியோமாவின் இரண்டாவது உச்சம் 50 முதல் 74 வயது வரை. பாப்பில்லரி வகை பெரியவர்களுக்கே உரியது. திடமாக இருக்கும், சுண்ணாம்பு அனேகமாக இருக்காது. இது தவிர கீழிருந்து மேலே ஏறிய பிட்யூட்டரி அடினோமா, மெனிஞ்சியோமா, லிம்ஃபோமா, மார்பகத்திலிருந்தோ நுரையீரலிலிருந்தோ பரவியது என்று பட்டியல் நீளும். நம் நாட்டில் காசநோய்க் கட்டியை மறக்கவே கூடாது. மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் பெரியவர் யாரையும் ஆபரேஷனுக்கு அனுப்பாதீர்கள்.

ஸ்கேன் சீட்டில் வெறுமனே "எம்ஆர்ஐ பிரெய்ன்" என்று எழுதினால் 5 மில்லிமீட்டர் துண்டுகளாக எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். "செல்லா புரோட்டோகால், 3 மில்லிமீட்டருக்குள், சாஜிட்டல் மற்றும் கொரோனல், கான்ட்ராஸ்ட்டுக்கு முன்னும் பின்னும்" என்று எழுதுங்கள். கூடவே கான்ட்ராஸ்ட் இல்லாத சிடி ஒன்று. ஹைப்போதலாமஸ் தொடப்படவில்லையா, தள்ளப்பட்டிருக்கிறதா, அடையாளமே தெரியவில்லையா என்று 0, 1, 2 தரம் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். சர்ஜன் எவ்வளவு தூரம் போகலாம் என்பது அந்த எண்ணைப் பொறுத்தது.

---

ஹார்மோன்_வாசல் பதில்:

கத்திக்கு முன் என்ன என்ற கேள்விக்கு என் பதில்: முதலில் கார்டிசோல் (அட்ரினல் சுரக்கும் உயிர்காக்கும் ஹார்மோன்). மற்றதெல்லாம் பிறகு.

காலை 8 மணிக்கு ரத்தம் எடுத்து கார்டிசோல், சோடியம், ஃப்ரீ டி4, டிஎஸ்ஹெச், புரோலாக்டின், ஐஜிஎஃப்-1, வயதுக்கேற்ப எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், டெஸ்டோஸ்டிரோன் அல்லது எஸ்ட்ராடியால். இவற்றோடு ஜெர்ம் செல் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் ஏஎஃப்பியும் பீட்டா ஹெச்சிஜியும் கட்டாயம். இவற்றில் ஒன்று உயர்ந்திருந்தாலும் ஜெர்ம் செல் கட்டியின் வழியே வேறு. சில நேரம் பயாப்சிகூடத் தேவைப்படாது.

தவறுகள் நடக்கும் இடங்கள் தெரிந்தவையே. டிஎஸ்ஹெச் மட்டும் பார்த்து "தைராய்டு நார்மல்" என்று எழுதிவிடுவது ஒன்று. கோளாறு தைராய்டில் இல்லாமல் மேலே மூளையில் இருக்கும்போது டிஎஸ்ஹெச் நார்மலாகவே காட்டும், ஃப்ரீ டி4தான் குறைந்திருக்கும். அந்த ஃப்ரீ டி4-ஐப் பார்த்தவுடன் தைராக்சின் தொடங்கிவிடுவது இன்னொன்று. கார்டிசோல் குறைவாக இருப்பவருக்குத் தைராக்சின் கொடுத்தால், இருக்கிற கொஞ்சம் கார்டிசோலும் வேகமாகச் செலவழிந்து அட்ரினல் நெருக்கடி வரும். கார்டிசோலுக்குப் பதிலான ஹைட்ரோகார்டிசோன் முதலில், தைராக்சின் பிறகு.

பெரியவர்களில் புரோலாக்டின் தனிக்கவனம் கேட்கிறது. தண்டு அழுத்தப்பட்டால் அது கொஞ்சம் ஏறும், 100 நானோகிராமுக்குள் நிற்பதே வழக்கம். ஆயிரக்கணக்கில் இருந்தால் அது புரோலாக்டினோமா. கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கும், மண்டையைத் திறக்க வேண்டாம். கட்டி மிகப் பெரிதாக இருந்தும் எண் சாதாரணமாக வந்தால் மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அளவு மிதமிஞ்சிப் போனால் சில கருவிகள் குறைத்துக் காட்டும்.

இன்னொன்று: ஹைட்ரோகார்டிசோன் தொடங்கிய ஓரிரு நாளில் சிறுநீர் கொட்டத் தொடங்கினால் மருந்தின் பக்கவிளைவு என்று நிறுத்திவிடாதீர்கள். கார்டிசோல் இல்லாதபோது சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்ற முடியாமல் மறைந்திருந்த டயாபடீஸ் இன்சிபிடஸ் (சிறுநீரை அடக்கும் வாசோபிரசின் ஹார்மோன் குறைவதால் வருவது, சர்க்கரை நோய் இல்லை) இப்போது வெளிப்படுகிறது, அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் இரண்டு வாரத்தைக் கையேட்டில் தனிப் பக்கமாகவே போடுங்கள். தண்டு அடிபட்டால் மூன்று கட்டமாக வரலாம்.

முதல் கட்டம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள். சிறுநீர் தண்ணீர் மாதிரி போகும். குழந்தைக்குக் கிலோவுக்கு மணிக்கு 5 மில்லிக்கு மேல், பெரியவருக்கு மணிக்கு 250 முதல் 300 மில்லிக்கு மேல் தொடர்ந்து இரண்டு மணி நேரம் போனால், சிறுநீரின் அடர்த்தி 1.005-க்குக் கீழே இருந்தால், சோடியம் 145-ஐத் தாண்டினால் அது டயாபடீஸ் இன்சிபிடஸ். மணிக்கணக்குப்படி சிறுநீர் அளவும், 4 முதல் 6 மணிக்கு ஒருமுறை சோடியமும் பார்க்க வேண்டும். சலைன் நிறையப் போனதாலோ, சர்க்கரை ஏறியதாலோ, மேனிட்டால் கொடுத்ததாலோகூட சிறுநீர் கூடும் என்பதால் குளுக்கோஸையும் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

இரண்டாம் கட்டம்தான் ஆளை ஏமாற்றும். ஏறக்குறைய 5-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாளுக்குள், செத்துக்கொண்டிருக்கும் நரம்பு முனைகளிலிருந்து சேமிப்பில் இருந்த வாசோபிரசின் மொத்தமும் கசியும். சிறுநீர் சட்டென்று குறையும். வார்டில் எல்லோரும் சரியாகிவிட்டது என்று நிம்மதியடைந்து, டெஸ்மோபிரசினையும் (வாசோபிரசினுக்குப் பதிலான மருந்து) அதே அளவு டிரிப்பையும் தொடர்வார்கள். சோடியம் 120-க்கு இறங்கி வலிப்பு வரும். சிறுநீர் குறைந்த அன்றே டெஸ்மோபிரசினை நிறுத்தி, திரவத்தைக் கட்டுப்படுத்தி, சோடியத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள்.

மூன்றாம் கட்டத்தில் சேமிப்பு தீர்ந்து நிரந்தரமான டயாபடீஸ் இன்சிபிடஸ் வரும். எல்லோருக்கும் மூன்றும் வருவதில்லை. முதல் கட்டத்தோடு நின்றுவிடுபவர்களும் உண்டு. ஆனால் 5-ஆம் நாளே டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்கு 7-ஆம் நாளில் ஒரு சோடியம் பரிசோதனையைச் சீட்டிலேயே எழுதிக்கொடுங்கள்.

டெஸ்மோபிரசினில் அளவுக் குழப்பம் அடிக்கடி நடக்கிறது. மாத்திரை 0.1 மில்லிகிராம் என்றால் 100 மைக்ரோகிராம். மூக்கு ஸ்ப்ரே ஓர் அழுத்துக்கு 10 மைக்ரோகிராம். வாய்வழி போகும் மருந்தில் மிகச் சிறு பங்குதான் ரத்தத்துக்குப் போகிறது என்பதால் இரண்டும் எண்ணுக்கு எண் சமமில்லை. கடையில் ஸ்ப்ரே இல்லை என்று வீட்டார் தாங்களே மாத்திரைக்கு மாறக் கூடாது. தினம் ஒருமுறையாவது மருந்து தீர்ந்து சிறுநீர் தாராளமாகப் போன பிறகே அடுத்த வேளை கொடுப்பது பாதுகாப்பான பழக்கம். உடம்பில் தேங்கிய தண்ணீர் அப்போது வெளியேறிவிடும்.

---

நியூரோசர்ஜரி_மேசை பதில்:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். எங்கள் பக்கத்துக்கு வருகிறேன்.

தலைவலி, காலை வாந்தி, மந்தநிலை இருந்து வென்ட்ரிக்கிள்கள் வீங்கியிருந்தால் முதல் வேலை கட்டி இல்லை, அழுத்தம். பல நேரம் நீர்ப்பையை வடித்தாலே அடைப்பு நீங்கிவிடும், மூளை நீரை வடிக்கும் ஷன்ட் குழாய் தேவைப்படாது. பைக்குள் ஒரு குழாயும் தோலுக்கடியில் ஓமாயா ரிசர்வாயர் என்ற சிறு குமிழும் வைத்துவிட்டால், பை மறுபடி நிரம்பும்போது ஊசியில் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் திரவம் பழைய எஞ்சின் ஆயில் மாதிரி இருக்கும், கொலஸ்ட்ரால் படிகங்கள் மின்னும். அது வெளியே கசிந்தால் கிருமியே இல்லாமல் மூளையுறை அழற்சி வரும்.

குழந்தைகளின் கிரேனியோஃபாரிஞ்சியோமாவில் ஒட்டுமொத்தமாக எடுத்துவிட வேண்டும் என்ற பிடிவாதத்தை நான் ஏற்பதில்லை. 2-ஆம் தரம், அதாவது ஹைப்போதலாமஸே அடையாளம் தெரியாத நிலையில், கடைசித் துண்டையும் உரித்தெடுத்தால் ஸ்கேன் அழகாக இருக்கும். குழந்தை மளமளவென்று எடை ஏறி, தாகம் தெரியாமல், பகலெல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும். ஒட்டியிருப்பதை விட்டுவிட்டு ரேடியேஷன் கொடுப்பதே நல்லது. "முழுசாக எடுத்தாச்சு" என்று சொன்ன இடத்திலும் மீண்டும் வளர்வது உண்டு என்பதை வீட்டாரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். 0-ஆம் தரத்தில் முழுதாக எடுக்க முயல்வதில் தவறில்லை.

ரேடியேஷன் 50.4 முதல் 54 கிரே வரை, நாளுக்கு 1.8 கிரே, 28 முதல் 30 முறை, வாரம் ஐந்து நாள் என்று ஆறு வாரம். இந்த நாட்களில் பை வீங்குவது சாதாரணம். ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்காமல் விட்டால், பை குறிவைத்த எல்லைக்கு வெளியே போய்விடும், பார்வையும் போகலாம். புரோட்டான் சிகிச்சை சென்னை தரமணியில் 2019 முதல் இருக்கிறது. 2023-இல் வெளியான செயிண்ட் ஜூட் ஆய்வில் கட்டியைக் கட்டுப்படுத்துவதில் எக்ஸ்ரே ரேடியேஷனும் புரோட்டானும் ஏறக்குறைய சமம், அறிவுத்திறன் காப்பதில் புரோட்டான் முன்னே. பார்வை மங்கிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பணம் சேரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருக்க வைக்க இது காரணமாகாது.

மூக்கு வழி எண்டோஸ்கோப்பி செய்தவர்களுக்கு ஒரு குறிப்பு: குனியும்போது ஒரு பக்க மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினாலோ, தொண்டையில் உப்புக் கரித்தாலோ அது ஜலதோஷம் இல்லை. மூளைத் தண்டுவட நீர். அன்றே வர வேண்டும். மூக்கைச் சிந்துவது, முக்குவது கூடாது. மலச்சிக்கலுக்கு மருந்து முதல் நாளே தொடங்கிவிடுங்கள்.

பார்வைக்கு: குழந்தை தானாகச் சொல்லாது. இரு பக்க ஓரப் பார்வையும் போனால் கதவு நிலையில் தோள் இடிக்கும், பக்கத்தில் வைத்த தட்டு தெரியாது. ஆபரேஷனுக்கு முன்பே பார்வைப் பரப்பும் ஓசிடியும் (விழித்திரை ஸ்கேன்) எடுத்து வைத்தால்தான் பிறகு ஒப்பிட முடியும்.

---

குழந்தைப்புற்று_பிரிவு பதில்:

நியூரோசர்ஜரி நண்பர் சொல்லாமல் விட்டதைச் சேர்க்கிறேன். எல்லாக் கட்டியும் அறுவை மேசைக்குப் போக வேண்டியதில்லை.

கிளியோமாவில் கீமோதான் முதல் வழி. நியூரோஃபைப்ரோமடோசிஸ் 1 உள்ள குழந்தைக்கு ஸ்கேன் தெளிவாக இருந்தால் பயாப்சிகூட வேண்டாம், பார்வை குறையாதவரை வெறுமனே கண்காணிக்கலாம். அவர்களுக்கு ரேடியேஷனைத் தவிர்க்க வேண்டும்; மூளை ரத்தக்குழாய் சுருங்கும் மோயமோயாவும் இன்னொரு கட்டியும் வரும் அபாயம் அவர்களுக்கு அதிகம். கார்போபிளாட்டின்–வின்கிரிஸ்டின், அல்லது வாராவாரம் வின்பிளாஸ்டின். இரண்டுமே ஓராண்டுக்கு மேல் ஓடும். கார்போபிளாட்டின் முதல் சில வேளைகளில் பெரும்பாலும் அலர்ஜி தராது. பல முறை ஏற்றிய பிறகே அலர்ஜி வரும். அதனால் "பழகிவிட்டது" என்று கண்காணிப்பைத் தளர்த்தாதீர்கள். வின்கிரிஸ்டினுக்குத் தாடை வலி, மலச்சிக்கல், பாதம் தொங்குதல் ஆகியவற்றைப் பாருங்கள்.

மற்ற குழந்தைகளுக்குப் பயாப்சி எடுத்தால் பிராஃப் (BRAF) மரபணுப் பரிசோதனை செய்யாமல் விடக் கூடாது. அந்த மரபணுவில் வி600இ என்ற மாற்றம் இருந்தால் டாப்ராஃபெனிப்–டிராமெடினிப் மாத்திரைகள். 1 வயதுக்கு மேல் இதற்கு அமெரிக்காவின் எஃப்டிஏ 2023 மார்ச்சில் அனுமதி தந்தது. பிராஃப் வேறொரு மரபணுவோடு ஒட்டிய இணைப்பு (ஃபியூஷன்) வகை மாற்றம் இருந்தால் டாப்ராஃபெனிப்பைத் தனியாகக் கொடுக்கவே கூடாது, கட்டி வேகமெடுக்கும். இரண்டையும் "பிராஃப் பாசிட்டிவ்" என்று ஒரே சொல்லில் எழுதும் ரிப்போர்ட்டை அப்படியே ஏற்காமல் எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள்.

பெரியவர்களின் பாப்பில்லரி கிரேனியோஃபாரிஞ்சியோமாவிலும் நூற்றுக்கு 90-க்கு மேல் அதே வி600இ. வெமுராஃபெனிப்–கோபிமெட்டினிப் கொடுத்து 2023-இல் வெளியான ஆய்வில் 16 பேரில் 15 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. சிறிய ஆய்வுதான். ஆனால் சுண்ணாம்பில்லாத திடக் கட்டியோடு வரும் பெரியவருக்கு முதலில் ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். லிம்ஃபோமா சந்தேகம் இருந்தால் பயாப்சிக்கு முன் டெக்ஸாமெத்தசோன் வேண்டாம், கட்டி கரைந்து பயாப்சி வெறுமையாக வரும். கார்டிசோல் குறைவுக்குக் கொடுக்கும் ஹைட்ரோகார்டிசோனை மட்டும் இதைச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள்.

ஜெர்மினோமாவைப் பெரிதாக வெட்டி எடுப்பது வீண். கீமோவும் வென்ட்ரிக்கிள் முழுவதற்குமான ரேடியேஷனும் கொடுத்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள். ஆனால் கட்டி போனாலும் டயாபடீஸ் இன்சிபிடஸ் திரும்பிப் போவது அரிது. கீமோவுக்காக லிட்டர் கணக்கில் டிரிப் ஏற்றும் நாளில் வழக்கமான டெஸ்மோபிரசினும் கொடுத்தால் சோடியம் சரிந்துவிடும். அன்றைக்கு அளவை ஹார்மோன் டாக்டரிடம் கேட்டே கொடுங்கள்.

ஹமார்ட்டோமா பற்றிச் சுருக்கமாக: வலிப்பு மாத்திரைகள் பெரும்பாலும் கைகொடுக்காது, ஈஈஜி நார்மலாகவும் இருக்கலாம். லேசர் அல்லது ரேடியோ அதிர்வெண் சூட்டால் இணைப்பைத் துண்டிக்கிறார்கள். முன்கூட்டிய பூப்பு மட்டும்தான் பிரச்சினை என்றால் மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ பூப்பை நிறுத்திவைக்கும் ஜிஎன்ஆர்ஹெச் வகை ஊசி போதும், அறுவை வேண்டாம்.

---

குழந்தைநலம்_தென்மலை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வீட்டில் கவனிக்கும் பகுதிக்கு மூன்று சந்தேகம். காய்ச்சல் நாளில் ஹைட்ரோகார்டிசோன் எவ்வளவு? தாகமே தெரியாத குழந்தைக்குத் தண்ணீர்க் கணக்கு எப்படி? எடை ஏறுவதை ஸ்டீராய்டின் வேலை என்று நினைத்து வீட்டார் மாத்திரையைக் குறைக்கிறார்களே, அவர்களிடம் என்ன சொல்வது?

---

ஹார்மோன்_வாசல்:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், உயிர் போகும் தவறு அதுதான்.

அவர்கள் சாப்பிடும் ஹைட்ரோகார்டிசோன் உடம்பு தானே சுரந்திருக்க வேண்டிய அளவு மட்டுமே: உடற்பரப்பு சதுர மீட்டருக்கு நாளுக்கு 8 முதல் 10 மில்லிகிராம், மூன்று வேளையாக; பெரியவருக்கு நாளுக்கு 15 முதல் 20 மில்லிகிராம். அளவு இதைவிடக் கூடியிருந்தால் டாக்டர் குறைக்கலாம், வீட்டில் குறைக்கக் கூடாது. எடை ஏறுவது ஹைப்போதலாமஸில் நிறைவுணர்வு தெரியும் இடம் அடிபட்டதால். இன்சுலின் கூடச் சுரக்கிறது, உடல் எரிக்கும் சக்தி குறைகிறது. அதனால் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகச் சாப்பிட்டாலும் எடை ஏறும். "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று குழந்தையைத் திட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள், இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள். ஏற்றம் முதல் 6 முதல் 12 மாதத்தில்தான் வேகம். எடை ஏறிய பிறகு யோசிக்காமல், டிஸ்சார்ஜ் அன்றே உணவியலாளரிடம் அனுப்புங்கள். தட்டில் அளந்து வைப்பது, தின்பண்டம் கண்ணில் படாமல் பூட்டி வைப்பது, பகல் தூக்கம் அதிகமென்றால் தூக்க மூச்சுத்தடைப் பரிசோதனை. மருந்துகளில் ஜிஎல்பி-1 ஊசிகளின் பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. பசியைக் குறைக்கும் செட்மெலனோடைடு ஊசிக்கு 2025-இல் வெளியான மூன்றாம் கட்ட ஆய்வு முடிவு நம்பிக்கை தருகிறது.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரண்டு மடங்கு, 39-ஐத் தாண்டினால் மூன்று மடங்கு, காய்ச்சல் விடும்வரை. மாத்திரை போட்ட அரை மணிக்குள் வாந்தி வந்தால் ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம். அதுவும் வெளியே வந்தால் தொடையில் ஊசி: 3 வயதுக்குள் 25 மில்லிகிராம், 3 முதல் 12 வயதுக்குள் 50, அதற்கு மேல் 100. போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். குப்பியும் சிரிஞ்சும் வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று. உப்பைத் தேக்கும் ஃப்ளூட்ரோகார்டிசோன் மாத்திரை இவர்களுக்குத் தேவையில்லை, அட்ரினல் சுரப்பி தன் உப்புக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்கிறது. வலிப்பு மாத்திரைகளான கார்பமசெபின், ஃபெனிடோயின் சாப்பிடுபவர்களுக்கு ஹைட்ரோகார்டிசோன் சீக்கிரம் கரைந்துவிடும், அளவு கூட்ட வேண்டிவரலாம்.

தாகம் தெரியாதவருக்குத் தண்ணீரும் ஒரு மருந்துச்சீட்டுதான். சோடியம் 140 அருகே இருக்கும் நாளில் உள்ள எடையை இலக்காகக் குறித்து, தினம் காலை சிறுநீர் கழித்ததும் அதே தராசில் எடை பார்க்க வேண்டும். பெரியவருக்கு 1 கிலோ குறைந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் கூடுதல். குழந்தைக்கு அளவை நாங்கள் எழுதித் தருவோம். டெஸ்மோபிரசின் நேரமும் அளவும் மாறாமல் இருக்க வேண்டும், தண்ணீரை நேரம் வைத்துப் பாட்டிலில் அளந்து கொடுக்க வேண்டும், தொடக்கத்தில் வாரம் ஒருமுறை சோடியம். வெயில் நாளிலும் வயிற்றுப்போக்கிலும் இந்தக் கணக்கு உடையும், அன்றைக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். சோடியம் 160-க்கு ஏறி வந்தால் அவசரப்பட்டு இறக்கக் கூடாது, 24 மணி நேரத்தில் 10-க்கு மேல் குறைய விடாதீர்கள். ரத்தம் உறையும் அபாயமும் அப்போது உண்டு, கால் வீக்கத்தைப் பாருங்கள்.

---

நியூரோசர்ஜரி_மேசை:

ஒரு சேர்க்கை. கைக்குழந்தைக்கு டயாபடீஸ் இன்சிபிடஸ் என்றால் மேலே சொன்ன டெஸ்மோபிரசின் அளவுகளை அப்படியே கையேட்டில் போட்டுவிடாதீர்கள். பால்தான் அதன் உணவு, தண்ணீரைக் குறைத்தால் உணவும் குறைந்துவிடும். எங்கள் வார்டில் குழந்தைகள் ஹார்மோன் டாக்டர் தையசைடு மருந்தும் (இந்த நோயில் சிறுநீரைக் குறைக்கும்) உப்புச்சுமை குறைந்த பாலும் வைத்தே முதலில் பார்க்கிறார்.

---

ஹார்மோன்_வாசல்:

சரியான திருத்தம். ஒரு வயதுக்குள் என்றால் அளவு எதையும் அச்சிட வேண்டாம், "எங்களை அழையுங்கள்" என்று எண்ணை மட்டும் போடுங்கள்.